தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பவர்

ஓட்டலில் உட்கார்ந்ததும் மெனுவை எடுப்பவர் உண்டு, போனை எடுப்பவர் உண்டு. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் வேலை பார்த்தவர் தட்டை எடுப்பார். கவிழ்த்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடிப்பக்கத்தை வாசிப்பார். சாப்பாடு வைத்த பிறகும் அவருக்கு இந்த ஆசை எழும் என்பதால் பக்கத்தில் உட்காருகிறவர்கள் வெள்ளைச் சட்டையைத் தவிர்ப்பது நல்லது.

எங்கள் மங்களூர்ச் சித்தப்பா இந்த ரகம். கடலூர் மாவட்டத்து மங்களூர். மாவட்டத்தின் பேரில்தான் கடல், வயலில் மக்காச்சோளமும் பருத்தியும். நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண்ணைக் குழைத்து அகல், பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று முப்பது வருஷம் சூளையில் அடுக்கியவர்.

அண்ணாநகரில் ஒரு பழைய வீட்டை மாற்றிப் புதிதாக உணவகம் திறந்திருந்தார்கள். அழைத்துப்போனேன். தட்டுகள் வந்தன: கோணல் வட்டம், மேலெல்லாம் பழுப்புப் புள்ளி, விளிம்பில் கிளேஸ் இல்லை.

"கையால பண்ணது சார், ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும்" என்றார் பரிமாறுகிற தம்பி, பெருமையாக.

சித்தப்பா ஊசித்துளை ஒன்றை நகத்தால் நெருடினார். "இந்தத் துளைக்கு என் கூலியில புடிச்சிருக்காங்க. இதெல்லாம் நாங்க செகண்ட்ஸ்ல தள்ளுனதுடா. தேடிப் புடிச்சு வாங்கியிருக்கானே!"

பிறகு விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நன்றாக வெந்த பீங்கான் 'ணங்' என்னும். கீறல் விட்டது 'சொத்' என்னும். இது 'ணங்' என்றது. கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தம்பி ஓடி வந்தார். அடுத்து கிண்ணம், மறுபடி ஓடி வந்தார். நாலாவது கோப்பைக்கு மேனேஜரும் சேர்ந்து வந்தார்.

"சார், எனி பிராப்ளம்?"

"அடி வளையத்துல கிளேஸைச் சுத்தமாத் தொடைச்சிருக்கான். இல்லாட்டி சூளையில ஒட்டிக்கும். வேலை தெரிஞ்ச ஆளு. கோணல் மட்டும்தான் சொல்பேச்சுக் கேட்டுப் பண்ணியிருக்கான்."

மேனேஜர் நன்றி சொன்னார். எதற்கென்று அவருக்கும் தெரிந்திருக்காது.

கிரிஸ்பி கார்ன் வந்தது. மக்காச்சோளம் விதைக்கிறவர் அதன் விலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கிண்ணத்தின் அடியைப் பார்ப்பதற்காகவே வேகமாகக் காலி செய்தார். ருசி எப்படி என்றேன். "ரெண்டாஞ்சூடு கொஞ்சம் பத்தல" என்றார். கிண்ணத்தைச் சொல்கிறார்.

கை கழுவப் போனவர் திரும்பவில்லை. எட்டிப் பார்த்தேன். நடைவழியில் பழங்காலத்து ஃபியூஸ் போர்டு ஒன்றை வார்னிஷ் அடித்து மாட்டியிருந்தார்கள். வரிசையாக வெள்ளைப் பீங்கான் கட்டைகள். அதன் முன்னால் சித்தப்பா, சன்னதியில் நிற்கிற மாதிரி.

"நம்ம ஊரு சரக்காடா இது?" என்றபடி கை நீட்டினார். அலங்காரத்துக்கு வைத்ததுதானே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

பிடுங்கினார். பாதி உணவகம் இருண்டது. எங்கோ ஒரு குழந்தை "ஹேப்பி பர்த்டே" பாடத் தொடங்கியது.

இருட்டுக்குள்ளிருந்து சித்தப்பாவின் குரல் மட்டும் வந்தது: "டேய், அந்த போன் லைட்டைக் கொஞ்சம் இப்படி அடி. அடியில ஏதோ எழுதியிருக்கு."