கொடையாளரின் ஆதார் நகல் தொடர்பாக

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கேஷ்லெஸ் ஒப்புதல் பிரிவு,
எங்கள் காப்பீட்டு நிறுவனம்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் மனைவியின் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை குறித்துத் தாங்கள் அனுப்பிய கொயரிகள் அனைத்தும் கிடைக்கப்பெற்றேன். ஒவ்வொன்றும் இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து, காலை பத்து மணிக்குள் பதில் கேட்கிறது. அட்டெண்டர் நாற்காலியில் நான் கண்ணயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் தங்கள் அக்கறைக்கு நன்றி.

அறுவை அரங்கக் குறிப்பும் சர்ஜன் பெயரும் கேட்டிருக்கிறீர்கள். சர்ஜன் யாரும் இல்லை. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. உறைய வைத்திருந்த ஸ்டெம் செல் பையை வெதுவெதுப்பான நீரில் உருக்கி, மார்பில் போட்டிருந்த குழாய் வழியாக ரத்தம் ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். அவ்வளவுதான். உறைநிலையில் செல்கள் சாகாமலிருக்கச் சேர்க்கும் மருந்து மூச்சு வழியே வெளியேறுமாம். அன்று அறை முழுக்கப் பூண்டு வாடை. வேண்டுமானால் அதற்கு நர்ஸம்மாவிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன்.

அடுத்து, கொடையாளரின் ஆதார் நகல், நோயாளிக்கும் அவருக்கும் உள்ள உறவு, மனமுவந்து கொடுத்ததற்கான ஒப்புதல் கடிதம். என் மனைவிக்கு வந்துள்ள மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லையே முன்கூட்டி எடுத்துவைத்துத் திருப்பி ஏற்றுவார்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தாங்கள் ஏற்கவில்லை. ஆகவே, கொடையாளர்: என் மனைவி. நோயாளி: மேற்படியார். உறவு: பிறந்ததிலிருந்து பழக்கம். ஒப்புதலுக்குப் பேனாவை நீட்டினேன். "என்கிட்ட எடுத்து எனக்கே குடுக்க, என்கிட்டயே கையெழுத்தா?" என்றாள். இதையே வாக்குமூலமாகக் கொள்ளவும்.

இது பரிசோதனை முயற்சியா என்றும் ஒரு சந்தேகம். டோனல் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1957-லேயே மஜ்ஜை ஏற்றிப் பார்த்து, 1990-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-இல் செய்தார்கள். ரத்த நோய்களுக்கான இந்தச் சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் சொன்னது. தங்கள் அலுவலகத்துக்குத் தபால் தாமதம் போலும்.

தங்கள் மேலான கேள்விக்கு இனிதான் வருகிறேன். "மாற்று சிகிச்சை ஒரே நாளில் முடிந்துவிட்டது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் சீராக உள்ளன. வெறும் கண்காணிப்புக்காகத் தங்குவதை ஏற்க இயலாது." ஐயா, மெல்ஃபலான் என்ற மருந்தைக் கொடுத்து மஜ்ஜையை அடியோடு துடைத்துவிட்டார்கள். ஏற்றிய செல்கள் தாமாகவே வழி தேடி எலும்புக்குள் போய்க் குடியேறி, ரத்தம் உற்பத்தி செய்யப் பொதுவாகப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். அதுவரை உடம்பில் வெள்ளையணு கிடையாது. அவள் குடலிலேயே காலங்காலமாகக் குடியிருக்கும் கிருமி போதும், ஆளை முடித்துவிட. நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி, மூன்று நாள் தொடர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். தினமும் விடியற்காலை ரத்தம் எடுப்பார்கள். ரிப்போர்ட் வரும் நேரம் வராந்தாவில் அட்டெண்டர்கள் எல்லாரும் பிளஸ் டூ ரிசல்ட் பார்ப்பதுபோல் நிற்போம். "உங்களுக்கு எவ்வளவு?" "நாப்பது." "நேத்து அறுபது இல்ல?" அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். நியூட்ரோஃபில்களுக்குக் காலக்கெடு விதித்து ஒரு கொயரி அனுப்பினால் உபகாரமாக இருக்கும்; நாங்கள் சொல்லி அவை கேட்பதில்லை.

வீட்டில் வைத்துப் பார்க்கலாமே என்றும் யோசனை சொல்லியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே மாவு மில். காற்றை வடிகட்ட எங்களிடமுள்ள ஹெப்பா ஃபில்டர், ஜன்னலில் தொங்கும் பழைய வேட்டி.

அட்டெண்டர் என்ன செய்கிறார் என்றும் கேட்டீர்கள். குக்கரில் வேகவைத்த கஞ்சியை ஆறுவதற்குள் கொடுத்து, மிச்சத்தைக் கொட்டுகிறேன். பழத்தோடு வரும் சொந்தக்காரர்களை லிஃப்ட் வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்புகிறேன். வாய்ப்புண் தொண்டை வரை இறங்கி, எச்சில் விழுங்கவே அவள் கண்ணை மூடிக்கொண்ட நாள்களில் ஒரு ஸ்பூன் கஞ்சிக்கு அரைமணி நேரம் ஆகும். திட்டக்கூட வாய் வராமல், பலகையில் 'உப்பு' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். இதற்கெல்லாம் பில் கிடையாது. தங்கள் நிறுவனம் நிம்மதியாக இருக்கலாம்.

கழிவுப் பட்டியலும் கண்டேன். முகக்கவசம், கையுறை, தண்ணீர் பாட்டில், பிளேட்லெட் கொடுக்க வந்த பையன்களின் ரத்தப் பொருத்தப் பரிசோதனை எல்லாம் போயிற்று. முடி கொட்டியபோது வார்டிலேயே டிரிம்மர் வைத்து மொட்டையடித்த கூலியை 'அழகுக்கலைச் சேவை' என்று கழித்திருக்கிறீர்கள். படித்துக் காட்டினேன். அட்மிட் ஆன நாளிலிருந்து முதன்முறையாகக் கண்ணாடி கேட்டாள்.

கடைசியாக ஒரு முன்னறிவிப்பு. பழைய நோய் எதிர்ப்பெல்லாம் மஜ்ஜையோடு போய்விடுவதால், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து, குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளை அவளுக்கு மறுபடி வரிசையாகப் போடுவார்கள். 52 வயதுப் பெண்மணிக்குப் போலியோ ஊசி, கக்குவான் ஊசி என்று பில் வந்தால் மோசடிப் பிரிவுக்கு அனுப்பிவிட வேண்டாம். வயதைச் சரிபார்க்க எப்படியும் கேட்பீர்கள் என்பதால் பிறப்புச் சான்றிதழை இப்போதே இணைத்துள்ளேன். அதில் அவள் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. தங்கள் அடுத்த கொயரிக்கு உதவும்.

இப்படிக்கு,
பாலிசிதாரரின் கணவன்