பூவுக்கு அப்பா யார்?

சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 2015-ல் யுனெஸ்கோ பட்டம் கொடுத்தது. இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஆனால் 1859-ல் அந்த இடத்தை ஆரம்பித்தது ஒரு கிளப். வேளாண் தோட்டக்கலைச் சங்கம் என்று பெயர்ப் பலகை. வேளாண்மை அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே வந்ததாகத் தெரியவில்லை. துரைமார்கள் மாலையில் துரைசானிகளோடு உலாத்த ஒரு பாதை வேண்டும், பேண்டு வாசிக்க ஒரு மேடை வேண்டும், அவ்வப்போது ஒரு மலர்க் கண்காட்சி வேண்டும். மூன்றையும் செய்தார்கள். கடன் ஏறியது. 1874-ல் மொத்தத்தையும் அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

அரசாங்கம் 1888-ல் ஹென்றி ரிட்லி என்பவரை அங்கே இயக்குநராகப் போட்டது. ரிட்லிக்கு ரப்பர் பித்து. மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, பார்க்கிற தோட்ட முதலாளியின் சட்டைப் பையில் எல்லாம் ரப்பர் விதையைத் திணித்துக்கொண்டு அலைந்தார். ஊரே ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றது. (இந்தப் பைத்தியம் எண்பது தாண்டிய பிறகு முதல் கல்யாணம் செய்துகொண்டு, நூறு வயது வரை இருந்தது. நாமெல்லாம் தெளிவாக இருந்து என்னத்தைக் கண்டோம்.)

இந்த ரிட்லியிடம்தான், 1893-க்குச் சற்று முன், ஆக்னஸ் ஜோக்கிம் ஒரு பூவைக் கொண்டுவந்து காட்டினார். தஞ்சோங் பகாரில் வசித்த ஆர்மீனியக் குடும்பத்தின் மூத்த பெண். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தோட்டக்கலையில் ஊரறிந்த கை. தன் கல்யாணத்தைத்தான் விட்டாரே தவிர, ஆர்க்கிட்டுகளுக்கு வரன் பார்ப்பதில் அவர் குறை வைக்கவில்லை. ஒரு பக்கம் பர்மா வழி வந்த வாண்டா டெரிஸ். மறுபக்கம் மலாயாச் சதுப்பில் முளைத்த வாண்டா ஹூக்கரியானா. இரண்டும் இழுத்துவிட்ட பென்சில் மாதிரி இலை கொண்ட ஏறுகொடிகள். ஜாதகம் பொருந்தியது. பிறந்தது இளஊதாவும் ரோஜா நிறமும் கலந்து, நடுவில் ஆரஞ்சுத் தீற்றலோடு ஒரு பூ.

ரிட்லி அதை லண்டன் ‘கார்டனர்ஸ் கிரானிக்கிள்’ பத்திரிகைக்கு எழுதிப்போட்டார். 1893 ஜூனில் வந்தது. பூவுக்கு ‘வாண்டா மிஸ் ஜோக்கிம்’ என்று பெயரும் வைத்தார். ஆக்னஸ் என்ற சொந்தப் பெயர் அதில் இல்லை. கல்யாணமாகாதவர் என்ற தகவல் மட்டும் அக்கறையாக இருக்கிறது. கூடவே இந்தச் சம்பந்தத்தில் எது மாப்பிள்ளை, எது பெண் என்று யாரும் குறித்து வைக்கவில்லை என்றும் எழுதிவிட்டார். விஞ்ஞானிக்கு அது ஒரு அடிக்குறிப்பு. ஊருக்கு அது போதும்.

1899-ல் மலர்க் கண்காட்சியில் அந்தப் பூவுக்கு அரிய ஆர்க்கிட்டுக்கான பரிசு கிடைத்தது. அதே வருஷம் ஜூலையில் ஆக்னஸ் இறந்துபோனார். நாற்பத்தைந்து வயது. பதில் சொல்ல ஆள் இல்லாமல் போனதும் பேச்சு சூடுபிடித்தது. அம்மாள் எங்கே மகரந்தம் சேர்த்தார், வீட்டு மூங்கில் புதரில் தானாக முளைத்திருந்ததைப் பார்த்திருப்பார், உண்மையான தரகர் ஒரு கருவண்டு என்று ஒரு கட்சி. ரிட்லி அவரிடமே கேட்டுத்தானே எழுதினார் என்று எதிர்க்கட்சி. 1981-ல் அந்தப் பூவைத் தேசிய மலராக அறிவித்ததும் வழக்கு இன்னும் முற்றியது. ஒரு நாட்டின் சின்னத்தை உண்டாக்கியது மனுஷியா வண்டா என்று பட்டம் பெற்ற பெரிய மனிதர்கள் கட்டுரைக்கு எதிர்க்கட்டுரை எழுதினார்கள். கடைசியில் 2016-ல், ஆக்னஸ்தான் உருவாக்கினார் என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டார்கள். அச்சில் வந்த செய்தியை நம்புவதற்கு 123 வருஷம். ரிட்லி எழுதியது ஓர் ஆணின் கண்டுபிடிப்பைப் பற்றி என்றால், வண்டுக்கு இவ்வளவு வக்கீல்கள் கிடைத்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.

வண்டுக் கட்சிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்கு ஆர்க்கிட் விதையை முளைக்க வைப்பது லேசான காரியம் இல்லை. ஒரு காயைப் பிளந்தால் உள்ளே லட்சக்கணக்கில் விதை. எல்லாம் தூசி. தும்மினால் ஒரு வம்சமே காற்றில் போய்விடும். நெல்லுக்கும் அவரைக்கும் விதைக்குள்ளேயே கட்டுச்சோறு உண்டு. ஆர்க்கிட் விதை வெறுங்கையோடு வரும். மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை ஊட்டிவிட்டால்தான் முளைக்கும். இதை நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் 1899-ல்தான் கண்டுபிடித்தார். பூஞ்சை வேண்டாம், சர்க்கரை கொடுத்தாலே போதும் என்று லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர் 1922-ல் காட்டினார். உப்புகள், சர்க்கரை, கெட்டிப்படுத்தக் கொஞ்சம் அகர். நோன்பு மாதத்தில் பல வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சி வில்லை போடுகிறார்களே, அந்தக் கடற்பாசியேதான்.

இந்தச் சமாச்சாரம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது எரிக் ஹோல்ட்டம் என்பவர் வழியாக. ரிட்லிக்குப் பின்னால் வந்த இயக்குநர்களில் ஒருவர். குவேக்கர் மதப்பிரிவைச் சேர்ந்த சாது. அவர் மனம் முழுக்கப் பெரணிச் செடிகளிடம்தான். பூவே பூக்காத ஒரு செடிக்கு வாழ்க்கையைக் கொடுத்த மனிதரிடம், ஊர் போற்றும் பூவை உற்பத்தி செய்யும் பொறுப்பு போய்ச் சேர்ந்தது. 1928-ல் அவர் புட்டியில் விதைக்க ஆரம்பித்தார். அதே வருஷம் ஜான் லேகாக் என்ற வக்கீலையும் எமில் காலிஸ்டன் என்ற ஆர்க்கிட் பிரியரையும் சேர்த்துக்கொண்டு மலாயா ஆர்க்கிட் சங்கத்தை ஆரம்பித்தார். 1931-ல் சங்கத்துக்குப் பத்திரிகையும் வந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்தால் ஒரு சங்கம், நான்காவது ஆள் வந்தால் ஒரு பத்திரிகை. இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான்.

சங்கத்தின் முக்கியமான வேலை என்ன என்றால், புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அகர் கஞ்சியைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, கொதியாவியில் வேகவைத்து, ஆறவிட வேண்டும். விதையை மருந்து நீரில் கழுவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவ வேண்டும். பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். அப்புறம் காத்திருக்க வேண்டும். ஒரு துளி வெளிக்காற்று உள்ளே போயிருந்தால் நாலாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம் புட்டியை நிறைத்துவிடும். சர்க்கரைப் பந்தி நமக்கு மட்டுமா போட்டிருக்கிறது? தப்பித்தால் சில வாரங்களில் தூசி உப்பும். பச்சைக் கடுகு போல உருளும். ஒரு முனையில் இலை என்று சொல்லத்தக்க ஏதோ ஒன்று எட்டிப்பார்க்கும். அதற்குள் வீட்டில் பாதிப் பேர் பேசுவதை நிறுத்தியிருப்பார்கள். பிறகு குஞ்சுகளை வெளியே எடுத்து, கூட்டமாக ஒரு தொட்டியில் வைத்து, அப்புறம் தனித் தொட்டியில் கரியும் செங்கல் துண்டும் போட்டு மாற்றி, நத்தையிடமிருந்து காத்து, பல வருஷம் கழித்து ஒரு மொட்டு வந்தால், பெரும்பாலும் அது அப்பாவின் நிறமும் அம்மாவின் சோம்பேறித்தனமுமாக இருக்கும்.

ஹோல்ட்டம் கெட்டிக்காரர். முதல் வெற்றிக்கு ஸ்பாத்தோகிளாட்டிஸ் என்ற தரை ஆர்க்கிட்டைத் தேர்ந்தெடுத்தார். சீக்கிரம் பூக்கும் ஜாதி. 1931-லேயே ‘ஸ்பாத்தோகிளாட்டிஸ் பிரிம்ரோஸ்’ பூத்துவிட்டது. உறுப்பினர்கள் நம்பிக்கையோடு சந்தா கட்டினார்கள்.

லேகாக் வேறு ரகம். யார்க்‌ஷயர்க்காரர், சட்ட நிறுவனம் நடத்தியவர், அரசியலிலும் ஒரு கால். 1950-ல் லேகாக் அண்ட் ஓங் அலுவலகத்தில் லண்டனிலிருந்து படித்துவிட்டு வந்த ஓர் இளம் வக்கீலைச் சேர்த்துக்கொண்டார். பெயர் லீ குவான் யூ. 1951 சட்டமன்றத் தேர்தலில் லேகாக்குக்கு ஏஜெண்டாக ஓடியாடியதும் அந்தப் பையன்தான். அடுத்த வருஷம் தபால்காரர்கள் வேலைநிறுத்தத்தில் பையன் தொழிலாளர் பக்கம் நின்று பேர் வாங்கிவிட்டார். இனி இந்த மாதிரி வழக்கெல்லாம் நம் ஆபீசுக்கு வேண்டாம் என்று லேகாக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. விதையிலிருந்து என்ன வரும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது என்பதை ஆர்க்கிட் வளர்ப்பவர் ஆபீசில் மட்டும் மறந்திருந்தார். 1951-ல் மண்டாயில் லீ கிம் ஹோங்கோடு சேர்ந்து ஆர்க்கிட் தோட்டம் போட்டார். தேர்தலைவிட அது அவருக்கு நன்றாகக் கைகொடுத்தது என்றே சொல்ல வேண்டும்.

இடையில் ஒரு உலகப்போர். 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் வந்தார்கள். மற்ற வெள்ளைக்காரர்கள் சாங்கி முகாமுக்குப் போனார்கள். விஞ்ஞானச் சேகரிப்பைக் காப்பாற்றுங்கள் என்று கவர்னர் பென்சிலால் கிறுக்கிக் கொடுத்த சீட்டோடு ஜப்பானியர் முன் போய் நின்றார் ஹோல்ட்டத்தின் உதவியாளர் கார்னர். இந்தக் கார்னர், உயர்ந்த மரங்களில் ஏறித் தொற்றுச்செடிகளைப் பறித்துப் போடத் தேங்காய் பறிக்கும் குரங்குகளைப் பழக்கி வேலைக்கு வைத்திருந்தவர். அவை சங்கத்து உறுப்பினர்கள் பலரைவிட அதிக ஆர்க்கிட்டை நேரில் பார்த்திருக்கும். சந்தாவும் கட்டவில்லை, பேச்சும் பேசவில்லை. ஜப்பானிய விஞ்ஞானிகள் வேலையைத் தொடரச் சொல்ல, ஹோல்ட்டம் நிர்வாகக் கோப்புகளிலிருந்து விடுபட்டு, பெரணி, இஞ்சி, ஆர்க்கிட் என்று நிம்மதியாக எழுதிக்கொண்டிருந்தார். கமிட்டிக் கூட்டங்கள் இல்லை என்றால் ஒரு சங்கக்காரரால் எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். 1953-ல் அவருடைய மலாயா ஆர்க்கிட் நூல் வந்தது.

போருக்குப் பிந்தைய காலத்தின் நாயகன் டான் ஹூன் சியாங். ரிட்லி சட்டைப் பையில் விதை திணித்துக்கொண்டு அலைந்தபோது, அதை மதித்து மலாக்காவில் முதன்முதலாகப் பெரிய அளவில் ரப்பர் நட்டவர் டான் சே யான். அவருடைய மகன்தான் இவர். ரப்பர் காசு ஆர்க்கிட்டாகப் பூத்தது. மலாயா ரப்பர் தோட்டங்களில் விடியற்காலை இருட்டில் கத்தியோடு போய்ப் பால் வெட்டிய கைகளில் பெரும்பகுதி நம் ஊர்க் கைகள். அவர்கள் பெயரில் ஒரு புல்லும் கிடையாது. மகன் தன்னுடைய பீச் நிறக் கலப்பினத்துக்கு அப்பா பெயரை வைத்தார், ‘வாண்டா டான் சே யான்’. 1954-ல் லண்டன் செல்சி கண்காட்சியில் முதல் வகுப்புச் சான்றிதழ் வாங்கி வந்தது. ஆர்க்கிட் வரலாற்றில் இந்த ஒரு பூவுக்குத்தான் அப்பா யார் என்ற சந்தேகம் கிடையாது.

பெயர் வைப்பதில் இருக்கும் ருசியை அரசாங்கம் அதற்கப்புறம்தான் கண்டுகொண்டது. 1950களின் பிற்பகுதியில் கவர்னர் ராபர்ட் பிளாக்கின் மனைவி பெயரில் ‘அரந்தெரா ஆன் பிளாக்’ வந்தது. அதிலிருந்து, வருகிற தலைவருக்கெல்லாம் ஒரு பூ. எலிசபெத் ராணி, தாட்சர், மண்டேலா, 2018-ல் நரேந்திர மோடி. பொன்னாடை போர்த்துவதைவிடச் செலவு குறைவு, வாங்கிக்கொள்கிறவர் தண்ணீர் ஊற்ற வேண்டியதும் இல்லை. பக்கத்து இந்தோனேசியாவில் சுகார்னோ இதில் ஒரு படி மேலே போனார். 1965-ல் போகோர் தோட்டத்துக்கு வந்த கிம் இல் சுங்குக்கு ஒரு டென்ட்ரோபியத்தை அவர் பெயரிலேயே கொடுத்துவிட்டார். மக்காசாரைச் சேர்ந்த ஒருவர் வளர்த்தது அது, ‘க்ளாரா புண்ட்’ என்று ஏற்கெனவே அதற்கு ஒரு பெண் பெயர் உண்டு. வடகொரியாவில் போய் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கட்டும்.

மிஸ் ஜோக்கிமுக்கு என்ன மரியாதை செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? 1967-ல் சிங்கப்பூர் முதன்முதலில் சொந்தமாக வெளியிட்ட நோட்டு வரிசை முழுக்க ஆர்க்கிட்டுகள். அதில் இவர் இல்லை. 1981-ல் தேசிய மலர். 1985-ல் புதுக் காசு வரிசை வந்தது, எல்லாம் பூவும் இலையும்தான். தேசிய மலருக்கு ஒதுக்கியது ஒரு சென்ட். பத்து சென்ட் மல்லிகைக்குப் போனது. ஒரு டாலர், நம் ஊரில் சுடுகாட்டு மல்லி என்று வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கும் நித்தியகல்யாணிக்கு. 2002-ல் ஒரு சென்ட் வெளியிடுவதையும் நிறுத்திவிட்டார்கள். 2013-ல் வந்த புது ஒரு டாலர் காசில் மிஸ் ஜோக்கிமுக்கு ஒருவழியாக இடம் கிடைத்தது. காசின் நடுவில் மெர்லயன் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. பூ, கள்ளக்காசைக் கண்டுபிடிப்பதற்காக லேசரால் பொறித்த ஒரு சின்னப் புள்ளி. நல்ல வெளிச்சத்தில் காசைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்.