அண்ணன்ர உறுதியில ஓட்டை, உன்ர கையில என்ன?

வா தம்பி, இரு. நடையிலயே தெரியுது, அப்புக்காத்தைப் பார்த்திட்டுத்தான் வாறாய். பேசாலைப் பனங்காணிக்கு அண்ணனில வழக்குப் போடப் போறியாம். போடு, போடு. மன்னார்க் கோட்டடியில கச்சான் விக்கிற மனிசியும் சீவிக்க வேணுமே.

என்ன எழுதியிருக்கிறாய், வாசி பாப்பம். அண்ணன் கள்ளன். அண்ணி வாய்க்காரி. அவையின்ர உறுதியில எல்லை பிழை. சரி, எல்லாம் உண்மையாவே இருக்கட்டும். அண்ணன் கெட்டவன் எண்டு ஊரே ஒத்துக்கொள்ளும், காணி மட்டும் உனக்கு வராது. 1962 இல வனிகரத்ன – ஜுவானிஸ் அப்புகாமி வழக்கில உயர் நீதிமன்றம் சொல்லிப்போட்டுது: காணி என்ர எண்டு கேக்கிறவன் தன்ர உரித்தைத்தான் காட்ட வேணும், எதிராளியின்ர உரித்து நொண்டி எண்டு காட்டினாப் போதாது. நீ அண்ணன்ர சரித்திரமெல்லோ எழுதியிருக்கிறாய்! உன்ர வழி எங்க? அம்மான்ர சீதனமோ, அப்பான்ர முதுசமோ, ரண்டுபேரும் தேடின தேட்டமோ? எந்த நொத்தாரிசு முடிச்ச உறுதி? "அப்பா சாகேக்க கையைப் பிடிச்சுச் சொன்னவர்" எண்டு கண்ணீர் விடாத. நொத்தாரிசும் ரண்டு சாட்சியும் இல்லாமல் காணி கைமாறாது எண்டு 1840 ஆம் ஆண்டே சட்டம் போட்டாச்சு.

எல்லையையும் ஒழுங்கா எழுது. "தெற்கே கழுதை நிக்கிற இடம்" எண்டு எழுதிப்போடாத, மன்னார்க் கழுதை வழக்கு முடியுமட்டும் அங்க நிக்காது.

இனித்தான் உன்ர கெட்டித்தனம். "அண்ணனோட பதினைஞ்சு வருசமாப் பேச்சில்லை, என்னைக் காணிக்குள்ள கால் வைக்க விடேல்லை." அடடா! கேள். பங்காளி ஒருத்தன் காணியில இருந்தா, மற்றப் பங்காளியளுக்காகவும் சேர்த்துத்தான் இருக்கிறான் எண்டு கணக்கு. 1911 இல கொரெயா – இசெரிஸ் அப்புகாமி வழக்கில லண்டன் பிரிவிக் கவுன்சில் வைச்ச கணக்கு அது. 1871 ஆம் ஆண்டுச் சட்டத்தில இருக்கிற பத்து வருசத்தைக் காட்டி அண்ணன் ஆட்சி கொண்டாடினாலும், பங்காளியை வெளிய தள்ளினதை அவன்தான் நிரூபிக்க வேணும். அவன் என்ன பாடுபட்டு நிரூபிப்பானோ எண்டு நான் யோசிச்சுக்கொண்டிருக்க, நீ பதினைஞ்சு வருசக் கணக்கைப் பந்தி போட்டு எழுதிக் குடுக்கிறாய். அண்ணன்ர அப்புக்காத்துக்குக் காசு மிச்சம்.

அதோட, ஒவ்வொரு நத்தாருக்கும் அந்தக் காணிப் பனங்கட்டியும் பனங்கிழங்கும் அண்ணன் உனக்கு அனுப்பினவனெல்லோ? உன்ர பங்கை ஒத்துக்கொண்டான் எண்டதுக்கு அதைவிட என்ன வேணும்? அதை ஏன் எழுதேல்லை? ரோசமோ? தின்னேக்க எங்க போனது ரோசம்? வழக்கில எழுதாத புதுக்கதையை விசாரணையில நுழைக்க விடமாட்டினம். பிறகு கூண்டில ஏறி நிண்டுகொண்டு பனங்கிழங்கை நினைச்சுப் பிரயோசனமில்லை.

அண்ணன் தன்ர மறுமொழியில "அப்பான்ர காணிதான், ஆனா நானே தனிய ஆண்டனான்" எண்டு எழுதினா, நீ வாயைத் திறக்காத. உரித்தை ஒத்துக்கொண்டவன்ர தலைக்குத்தான் பாரம் மாறும்.

சரி, அப்பான்ர உறுதியைக் காட்டு. என்ன முழிக்கிறாய்? அண்ணன் வீட்டுப் பெட்டகத்திலயோ? பதிவுக் கந்தோரில பிரதி எடுக்கலாம், ஆனா இலக்கம் வேணும். அதுவும் பெட்டகத்துக்குள்ளதான். அப்ப எழும்பு. அண்ணியிட்டப் போய் ஒரு பிளேன்டி கேட்டுக் குடி. வாய்க்காரி எண்டு மட்டும் சொல்லிப்போடாத.