டயலுக்குப் பூட்டு

எடிசன், நியூஜெர்சி
20 ஜூன் 2010

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

'பலகை மாதிரி என்னமோ வாங்கியிருக்கிறானாமே' என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். ஐபேட்தான். போன மாதம் வாங்கினேன். 629 டாலர், நம்ம கணக்கில் சுமார் 29,000 ரூபாய். அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், அவளுக்குச் சொன்ன கணக்கு வேறு.

சிலேட்டு அளவு, முக்கால் கிலோ எடை. ஆபீஸ் கம்ப்யூட்டரை எழுப்பிவிட்டுப் போய் நான் காபி குடித்துவிட்டு வருவேன். இதற்கு டம்ளரை எடுக்கக்கூட அவகாசம் இல்லை, பொத்தானை அமுக்கியதும் முழித்துக்கொள்கிறது. நீங்கள் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் பேப்பரின் முதல் பக்கம் விரிந்துவிடும். ஆனால் கேமரா கிடையாது. பென் டிரைவ் செருக ஓட்டை கிடையாது. போனும் பேச முடியாது. "பின்னே என்னதான் இருக்கு?" என்றாள் உங்கள் மருமகள். வேகம் இருக்கிறது என்றேன்.

அந்த வேகம்தான் பர்ஸில் கை வைத்தது. வீட்டில் வை-ஃபை உண்டு, கவலை இல்லை. வாசல் தாண்டினால் 3ஜி. 15 டாலருக்கு 250 எம்பி, 30 டாலருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் என்றார்கள். நம்ம ஊர் மெஸ்ஸில் எழுதிப் போட்டிருப்பார்களே, அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு, அதேதான். நான் உங்கள் வளர்ப்பு அல்லவா, அளவுச் சாப்பாடு போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினோம். பையன் பின்சீட்டில் யூடியூபைத் திறந்தான். போகும்போது பாட்டு, புளியோதரை வரிசையில் காமெடி. திரும்பும் வழியில் திரையில் ஒரு அறிவிப்பு: 20 சதவீதம்தான் பாக்கி. வீடு வருவதற்குள் 10. முப்பது நாள் சாப்பாட்டை ஒரே பந்தியில் முடித்துவிட்டாயே என்று கத்தினேன். பாதியை ரயிலில் நானே தின்றிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

சரி, முழுச் சாப்பாட்டுக்கே மாறலாம் என்று போனால், ஜூன் 7-ஆம் தேதியோடு அந்தப் பந்தியை எடுத்துவிட்டார்களாம்! முன்பே இலை போட்டவர்களுக்கு மட்டும் தொடருமாம். புது ஆளுக்கு 25 டாலர், 2 ஜிபி. ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர் முதல் வாரமே இலை போட்டவர். மத்தியானம் என் கண்ணெதிரே சினிமா பார்க்கிறார், சத்தத்தைக் கூட்டி வைத்து.

இதில் 3ஜியை அணைக்க ஒரு சுவிட்ச் உண்டு. வாசல்படி தாண்டும்போதெல்லாம் அணைக்கிறேன். முதல் தடவை அணைத்தபோதே உங்கள் ஞாபகம் வந்தது. மாம்பலம் வீட்டுக் கூடம், கறுப்பு போன், டயல் ஓட்டையில் குட்டிப் பூட்டு, சாவி உங்கள் வேட்டி முடிச்சில்.

இரண்டே நாளில் பையன் சுவிட்சைக் கண்டுபிடித்துப் போட்டுவிட்டான். யார் சொல்லிக்கொடுத்தது என்றால், "சும்மா தட்டிப் பார்த்தேன்ப்பா" என்கிறான்.

பெரியப்பா, 1988-இல் ஒரு பெரிய பில் வந்ததே. பூட்டிய போனில் யார் பேசியிருக்க முடியும் என்று எக்ஸ்சேஞ்சுக்கு மூன்று மனு எழுதினீர்கள். பூட்டியிருந்தாலும் ரிசீவர் வைக்கிற கட்டையைத் தட்டினால் லைன் போகும். ஐந்துக்கு ஐந்து தட்டு, பூஜ்யத்துக்குப் பத்து. அந்த நம்பரில் இரண்டு பூஜ்யம் வேறு. யார் வீட்டு நம்பர் என்று பதில் கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள், உங்கள் மருமகளும் படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் ரவி