தங்கையின் பேத்தி எங்கே?

கேள்வி: நூறாண்டுக்கு முன் போரில் மாண்டவருக்கு இப்போது எதற்கு உறவினரைத் தேடுகிறார்கள்? கல்யாணமே ஆகாதவருக்கு வாரிசு ஏது?

பதில்: கல்லறையில் பெயர் பொறிக்கத்தான். பிரான்சின் ஃபுரோமெல்லில் 1916 ஜூலையில் மாண்ட 250 வீரர்களின் உடல்களை 2009-ல் தோண்டி எடுத்தார்கள். ஒருவரிடம் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில் - பெர்த் ரயிலின் ரிட்டர்ன் டிக்கெட்! ஊர் திரும்பிவிடுவோம் என்று எவ்வளவு நம்பியிருப்பார், பாவம். டிக்கெட்டில் பெயர் இருக்காதே. பெயரைக் கண்டுபிடிக்க உறவினரின் டிஎன்ஏ வேண்டும். பிள்ளை இல்லாவிட்டால் என்ன, கூடப் பிறந்தவர்கள் இருப்பார்களே! தாய்வழி டிஎன்ஏ அக்கா தங்கையின் மகள், மகள்வழிப் பேத்தி என்று இறங்கும். தந்தைவழியது அண்ணன் தம்பியின் மகன், மகன்வழிப் பேரன் என்று. அப்படித்தான் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பெயர் பெற்றார்கள். மிச்சப் பேருக்கும் எங்கோ ஒரு தங்கையின் பேத்தி இருப்பாள். தேடித்தான் ஆக வேண்டும்.