ஏழரை

லின்ஃபீல்டில் வீடு வாங்கினால் மானுகாவ் துறைமுகக் காற்று இலவசம். புல்லும் இலவசம். வெட்டுவதுதான் நம் தலையில். அதை நினைவூட்டும் பொறுப்பை மனைவியிடமிருந்து பிடுங்கி ஒரு செயலியிடம் கொடுத்தேன். என் மாடியறை கம்ப்யூட்டர், சமையலறை லேப்டாப், மகன் பள்ளிக்குத் தூக்கிப்போகும் லேப்டாப் மூன்றிலும் ஒரே பட்டியல். மஞ்சள் மூடித் தொட்டியை வாசலில் வைப்பதும் அதில் உண்டு. அது இரண்டு வாரத்துக்கொருமுறை. எந்த வாரம் என்பதை இன்றும் பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

நான் எழுதியதெல்லாம் நின்றது. அவள் எழுதியதெல்லாம் மாயமானது.

"சாயங்காலம் 'புல்லு'ன்னு போட்டேனே, எங்க?"

"எனக்கு வரலையே." சத்தியமான பதில்.

காரணம் மாமனார். கோடையில் மதுரையிலிருந்து வந்திருந்தவர், ஊர் நேரம் தெரியவேண்டுமென்று சமையலறை லேப்டாப் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். நேர வலயத்தைத் தொடவில்லை, மணியை மட்டும். அந்தப் பருவத்தில் இந்தியாவுக்கும் ஆக்லாந்துக்கும் வித்தியாசம் ஏழரை மணி நேரம். சனி பகவான் இவ்வளவு துல்லியமாக எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

செயலிக்குத் தெரிந்த ஒரே நியாயம், கடைசியாக எழுதியவர் சொல்லே செல்லும். அவள் மாலை ஆறுக்கு எழுதினால் லேப்டாப் காலை பத்தரை என்று முத்திரை குத்தும். மத்தியானம் ஒரு மணிக்கு நான் ஏதோ ஒரு வரியைத் தட்டியிருந்தால் போதும், என் பட்டியலே புதியது. கடிகாரங்களை நம்பாமல், ஒவ்வொரு செயலுக்கும் ஏறுமுகமாக எண் கொடுத்தே முன்பின் தீர்மானிக்கலாம் என்று கணினி விஞ்ஞானி லெஸ்லி லாம்போர்ட் 1978-லேயே எழுதிவிட்டார். 2013-க்கான டூரிங் விருதும் வாங்கிவிட்டார். எங்கள் செயலிக்கு இன்னும் சேதி போகவில்லை.

விஷயம் தெரிந்தபின் சும்மா இருந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. 'கடிகாரத்தைச் சரிசெய்' என்று முறைப்படி பட்டியலில் போட்டேன். சமையலறை லேப்டாப்பில்.

மகன் காட்டிக்கொடுத்துவிட்டான். அவளும் கடிகாரத்தைச் சரிசெய்யவில்லை. தேதியை ஒரு நாள் முன்னால் தள்ளினாள். சமையலறையில் இப்போது எப்போதும் நாளைதான். நான் 'புல்'லை அழித்தால் அது இன்றைய அழிப்பு. அவளுடையது நாளைய உத்தரவு. தினமும் ஒருமுறை புதுப்பிக்கிறாள் வேறு.

'கட்டுரையை முடித்துவிட்டு வெட்டுகிறேன்' என்று மாடியிலிருந்து போட்டுப் பார்த்தேன். கீழே போய்ச் சேரவில்லை.