கையும் கணக்கும்

கேள்வி: பிரதேச சபையில் பாதீடு தோற்றால் எங்கள் இறங்குதுறைக்கு என்ன நட்டம்?
(வாசகர் ஒருவர், குறிகட்டுவான்)

பதில்: இறங்குதுறை அசையாது, தவிசாளரின் கதிரைதான் ஆடும். இரண்டாம் முறையும் தோற்றால் பதவியே போய்விடலாம். 2020 டிசம்பரில் யாழ். மாநகர முதல்வர் இம்மானுவேல் ஆர்னோல்ட் அப்படித்தான் பதவி இழந்தார். ஆகவே, பாதீட்டு நாளில் சபையில் எண்ணப்படுவது காசு அல்ல, கைகள். அந்தக் கைகளே இல்லாத காலமும் இருந்தது: 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை செயலாளர்களே நிர்வாகம் பார்த்தார்கள். உறுப்பினர்களுக்குத்தான் ஓய்வு, ஆதனவரிக்கும் சந்தைக் குத்தகைக்கும் ஏது ஓய்வு? இனி உங்கள் வட்டார உறுப்பினரைக் கண்டால், "ஆருக்குக் கை தூக்கினனீங்கள்?" என்று கேளாதேங்கோ. "நயினாதீவுத் திருவிழாவுக்கு வள்ளம் பார்த்து நிற்கிற சனம் எறியிற சோடாப் போத்தல் அள்ள எவ்வளவு ஒதுக்கினனீங்கள்?" என்று கேளுங்கோ. அடுத்த வள்ளத்திலேயே அவர் நெடுந்தீவுக்குப் போய்விடுவார்!